இரண்டு துண்டும் சேர்ந்தே வந்தவனுக்கு

பிரபு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது. கொண்டுவந்திருப்பவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, உன் அப்பா. பந்தலூரில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கூடலூரில் மாறி, ஊட்டியில் மறுபடி மாறி, கோயம்புத்தூர் வெயிலில் வந்து இறங்கியிருப்பார். நீ படித்து முடிக்கிறவரைக்கும் உன் வாசல்படியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். முதலில் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடு. நல்ல தூளாகப் போடு. வாழ்நாளெல்லாம் பாக்டரியில் தூள் சலித்தவர், மட்டமான தூள் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார், டம்ளரைப் பாதியில் வைத்துவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். ரேவதி எனக்குப் போன் பண்ணினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. "அத்தை, அவரு என்னைய எங்கம்மா ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாருங்க. வேற கல்யாணம் பண்ணிக்கோங்கறாரு. ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாங்க. பைய கட்டி வெச்சுட்டேனுங்க" என்றாள். சமையலுக்கு என்ன காய் வாங்கினாள் என்று சொல்வது போலச் சொன்னாள். "ஒனக்குப் போகணும்னு இருக்கா?" என்று கேட்டேன். "நானெதுக்குங்க போகோணும்? அவரு மூஞ்சியப் பாத்துட்டு இருக்க முடியலீங்க, அதுக்குத்தான்" என்றாள். உனக்குப் பெண் பார்க்கப் பொள்ளாச்சி வரைக்கும் போனோமே என்று அப்போது அலுத்துக்கொண்டவள் நான். போனது வீண் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

உனக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு முறை அவளுக்குக் கலைந்தது. டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். உன் குரோமோசோமில் ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று வந்தது. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாய்: கோளாறு என்கிட்டதான். அதற்குப் பிறகு எங்களுக்கும் ரத்தம் எடுக்க ஏற்பாடு பண்ணினாய், அதோடு சரி. முடிவு சொல்கிற நாளில் ஷிப்ட் இருக்கிறது என்று நீ வரவில்லை. என்ன வந்தது என்றும் கேட்கவில்லை. நானும் அப்பாவும்தான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே நடந்ததை நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

போகிற வழியெல்லாம் பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் சண்டை. அப்பா சொன்னார், "எங்க பக்கந்தான் இருக்கும் புள்ள. எங்க சித்தப்பாவுக்குப் புள்ளையே இல்ல, மறந்துட்டியா?" உன் சின்னத் தாத்தா கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷன். அவரைக்கூட விட்டுவைக்கவில்லை உன் அப்பா. மூன்று முறை கலைந்தது எனக்கு, அதற்குப் பிறகுதான் நீ, கணக்குத் தெரியாதவளா நான்? ஆனாலும் அவர் விடவில்லை. பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள அவ்வளவு பாடுபட்ட ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். மேசைமேல் ஒரு படத்தை எடுத்து வைத்தாள். கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட குட்டிக் குட்டித் துண்டுகள், உயரவாரியாக, ஜோடி ஜோடியாக நிறுத்தியிருந்தது. "இது உங்க குரோமோசோமுங்கம்மா. மொத்தம் நாப்பத்தாறு. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு உங்கம்மா குடுத்தது, ஒண்ணு உங்கப்பா குடுத்தது" என்றாள். பத்தாம் வகுப்பில் நான் இதைப் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது என் உடம்புக்குள் இருக்கிற ஒன்று என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. என்னையே யாரோ பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ மாதிரி வரிசையில் நிறுத்திவைத்தது போல இருந்தது.

ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு நீள நூல் என்றாள். இரண்டு இழை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, நடுவில் படிப்படியாகச் சேர்ந்திருக்கும், அதுதான் டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் இருக்கிற நூலையெல்லாம் எடுத்து நுனியோடு நுனி வைத்து நீட்டினால் அப்பாவின் உயரத்தையும் தாண்டுமாம். அப்பா வாயைத் திறந்தார். "அவ்வளவு நூலும் சிக்கு விழாம எப்புடிங்க உள்ள கெடக்கு?" அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இதை யாரும் கேட்பதில்லை போல. அது அடைத்துத் திணித்த நூல் இல்லை என்றாள். அங்கங்கே புரத உருண்டைகள் இருக்கின்றன, நூல் ஒவ்வோர் உருண்டையையும் சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறது. மணி கோத்த சரம் மாதிரி ஆகிறது. அந்தச் சரம் மறுபடி சுருண்டு, வளையம் வளையமாக மடிந்து, அதன் இடத்தில் அது கிடக்கிறது. செல் தன் வேலையைப் பார்க்கிற நேரத்தில் தளர்ந்துதான் இருக்கும். எந்த இடத்தைப் படிக்க வேண்டுமோ அந்த இடம் பிரிந்து கொடுக்கும். செல் இரண்டாகப் பிரியப் போகிற நேரத்தில்தான் எல்லாம் இறுகி, குட்டையாகி, கட்டை கட்டையாக நிற்கும். அப்போதுதான் படம் பிடிக்க முடியும். இதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம் வந்தது. பிரிகிற நேரத்தில்தான் நீயும் இப்படி இறுகிப்போய் நிற்கிறாய்.

அப்புறம் படத்தில் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "மூணாவது ஜோடியில ஒண்ணோட நுனி ஒடஞ்சு பத்தாவதுல ஒட்டியிருக்குது. பத்தாவதோட நுனி மூணாவதுல ஒட்டியிருக்குது. எதுவும் தொலையலீங்கம்மா, எடந்தான் மாறியிருக்குது. அதனாலதான் உங்களுக்கு ஒரு கொறையுமில்லை. உங்க பையனுக்கும் இதே மாதிரிதான், அச்சு அசல்." ஆக என்னிடமிருந்துதான். அப்பா நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார், தோற்றுப்போன ஆள் மாதிரி. எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "உங்கம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ இருந்திருக்கலாம், இல்லாட்டி உங்ககிட்டயே புதுசா ஆரம்பிச்சிருக்கலாம். அவங்க இல்லாம சொல்ல முடியாதுங்க" என்றாள். என் அம்மாவும் அப்பாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலையிலேயே மண்ணாகிப் போனவர்கள். அவர்களை அதற்காக எழுப்ப முடியாது.

இனிமேல் சொல்வதை மெதுவாகப் படி. ஒரு பிள்ளைக்குத் தாய் கொடுக்கும்போது ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். என் மூன்றாவதில் ஒன்று நல்லபடி இருக்கிறது, ஒன்று நுனி மாறியது. பத்தாவதிலும் அப்படியே. நல்லது இரண்டும் பிள்ளைக்குப் போனால் ஒரு பிரச்சினையும் இல்லை. மாறியது இரண்டும் சேர்ந்து போனாலும் பிரச்சினை இல்லை, இங்கே குறைந்த துண்டு அங்கே இருக்கும். மாறியது ஒன்று, மாறாதது ஒன்று என்று போனால்தான் ஆபத்து. ஒரு துண்டு அதிகமாகவும் ஒரு துண்டு இல்லாமலும் போய்விடும். பெரும்பாலும் அந்தக் கரு தங்காது. எனக்குத் தங்காத மூன்றும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றாள் டாக்டரம்மா. அந்தக் காலத்தில் யார் எடுத்துப் பார்த்தார்கள்?

பிரபு, நீ எதைக் கோளாறு என்கிறாயோ, அது இரண்டு துண்டும் ஒன்றையொன்று விடாமல் உன்னிடம் வந்து சேர்ந்ததுதான். ஒன்று மட்டும் வந்திருந்தால் நீ இல்லை. அன்றைக்கு அந்த அறையில் என் ரத்தத்தின் படத்தையும் உன் ரத்தத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. நன்றியாக இருந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவுக்குத்தான் ஜன்னலோர இடம். குன்னூர் தாண்டி குளிர ஆரம்பித்ததும் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, "ஒங்கிட்டருந்து வராம வேற எங்கருந்து வரும்? அவன் பிடிவாதமும் அங்கருந்து வந்ததுதானே" என்றார். அவ்வளவுதான். இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன ஆறுதலை எதிர்பார்க்க முடியும்? எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது காளியம்மா பெரியம்மா என் கொழுந்துச் சாக்கைச் சுமந்தாள் என்று நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். முழுசாக நான் சொன்னதில்லை. தேயிலை விலை விழுந்த காலம் அது. தூளை வாங்க ஆளில்லை என்று பாக்டரியை வாரத்தில் பாதி நாள் மூடிவைத்தார்கள். பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்கு மூட்டை கட்டினார்கள். ஆள் இல்லாத மலைகளில் செடி தலைக்கு மேல் வளர்ந்து, பன்றி குட்டி போட்டது. மிச்சமிருந்த எங்களுக்குக் கெடுபிடி அதிகம். சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். என்னைப் போல் தற்காலிகத்தில் இருந்தவளுக்கு அடிக்கடி அரைப்பேர் விழுந்தால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவார்கள். அந்த நிலைமையில்தான் நீ வந்தாய், நாலாவதாக.

அதற்கு முன்னால் மூன்றாவது முறை கலைந்தபோது உன் அப்பாவிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க வேற கட்டிக்கங்க. நா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன்." ஆமாம், நீ ரேவதியிடம் சொன்ன அதே வசனம். அதையும் என்னிடமிருந்துதான் வாங்கியிருக்கிறாய், அது எந்த குரோமோசோமில் ஒட்டியிருக்கிறதோ. உன் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "பாக்டரியில லீவு கெடைக்கட்டும், யோசிப்போம்" என்றார். வாரத்தில் பாதி நாள் பாக்டரியே லீவு. இன்றைக்கு வரைக்கும் அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

நாலாவது முறை நாள் தள்ளியதைக் காளியம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் பேசினால் பள்ளத்தில் இருக்கிற ஆளுக்கும் கேட்கும். அவளே ஒரு காரணத்தையும் முடிவு பண்ணிவிட்டாள். ஈரக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி, தலையில் வைத்து, மேட்டில் ஏறி நிறுக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறோமே, அந்தப் பாரம்தான் பிள்ளையை இறக்குகிறது என்றாள். "இந்தவாட்டி இவ தலையில ஒரு எலை ஏறக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி உத்தரவு போட்டாள். அன்றிலிருந்து என் சாக்கை யாராவது ஒருத்தி வாங்கிக்கொண்டாள். தன் சாக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து என்னுடையதைத் தூக்கினாள். மழையில், அட்டை கடியில், வழுக்குகிற பாதையில். சில நாள் எனக்கு மசக்கையில் கையே ஓடாது. நிறுவைக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு கை கொழுந்தை எடுத்து என் சாக்கில் போட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். அவர்களுக்கும் அரைப்பேர் பயம் இருந்தது. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது.

ஒரு நாள் கணக்கப்பிள்ளை என் சாக்குக்குள் கையை விட்டுக் கிளறினார். கொழுந்து எடுக்கிற விதத்தை வைத்தே ஆளைச் சொல்கிறவர். ஒருத்தி இளசாகக் கிள்ளுவாள், ஒருத்தி காம்போடு ஒடிப்பாள், ஒருத்தி முற்றின இலையும் சேர்த்து உருவுவாள். "என்னம்மா, ஒங்கொழுந்துல நாலு பேரு கை தெரியுது" என்றார். காளியம்மாவே வாயை மூடிக்கொண்டாள், அது அவள் வாழ்க்கையில் ஒரே தடவை. அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முழுப்பேர் போட்டுவிட்டு, "அடுத்த ஆளு வா" என்றார். அவர் ஓய்வுபெற்று ஊரைவிட்டுப் போகிறவரைக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் நின்று கும்பிட்டேன். அவர் ஒரு நாளும் எதற்கு என்று கேட்டதில்லை.

இத்தனை வருஷமும் நானும் பாரம்தான் காரணம் என்று நம்பினேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலைக்குப் போன பிறகும், மாசமாக இருக்கிற பெண்களைக் கண்டால் தண்ணிக் குடத்தைக்கூடப் பிடுங்கி வைத்துவிடுவேன். ரேவதிக்கு முதலில் கலைந்தபோது அவள் ஸ்கூட்டர் ஓட்டியதால்தான் என்று சொல்லி, அதை விற்க வைத்தேனே, அதுவும் இந்த நம்பிக்கையில்தான். அவளிடம் போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்லீங்க அத்தை, பழைய வண்டிதான்" என்றாள். அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடு.

கோயம்புத்தூரிலிருந்து வந்த மறுநாள் காளியம்மாவைப் பார்க்கப் போனேன். முட்டி வலி, இப்போது லயத்தைவிட்டு அவ்வளவாக வெளியே வருவதில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். மழையிலும் சேற்றிலும் ஏறி இறங்கினவளிடம் போய், அக்கா, அவன் தங்கியது நீ சுமந்ததால் இல்லை, அது உள்ளே நூல் விழுந்த விதம் என்று எந்த வாயால் சொல்வது? மறைக்கவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரிந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். நூலை, உருண்டையை, இடம் மாறிய நுனியை. கேட்டுக்கொண்டே முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அதெல்லாம் இருக்கட்டும்டி. நா வாங்குனப்ப ஒனக்குக் கழுத்து லேசாச்சா இல்லியா, அதச் சொல்லு" என்றாள்.

லேசாயிற்று, பிரபு. கழுத்து மட்டும் இல்லை. நான் அண்ணன் வீட்டுக்குப் போகாமல், அந்த மலையை விட்டு ஓடாமல், உன்னைச் சுமந்துகொண்டு அந்தக் குளிரில் நின்றேனே, அது அந்தப் பெண்கள் சுமந்ததால்தான். உன் குரோமோசோமில் அவர்கள் யாரும் இல்லை, எந்த டாக்டர் படமெடுத்தாலும் தெரியமாட்டார்கள். ஆனால் நீ பிறந்த அன்றைக்கு லயத்தில் ஒருத்தி விடாமல் வந்து உன்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தான் பெற்ற பிள்ளை மாதிரி எடை சொன்னாள். உனக்கு இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு நன்றி என்றால் என்ன என்று கற்றுக் கொடுக்காமல் படிப்பு மட்டும் கொடுத்துவிட்டோமோ என்று சில நேரம் நினைக்கிறேன். அப்புறம், நீ முதல் சம்பளத்தில் காளியம்மாவுக்குக் கம்பளி வாங்கி வந்தது ஞாபகம் வரும். சமாதானமாகிவிடுவேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னாள். உனக்கும் ரேவதிக்கும் நல்லபடி பிள்ளை பிறக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் விழுகிறது, முன்னால் விழுந்தது இனி விழப்போவதை முடிவு பண்ணாது. கரு தங்கிய பிறகு முன்கூட்டியே பரிசோதித்துப் பார்க்கலாம், அது தவிர வேறு வைத்திய முறைகளும் இருக்கின்றன. உங்கள் இருவரையும் சேர்ந்து வரச் சொன்னாள். சேர்ந்து என்று அழுத்திச் சொன்னாள். பிள்ளை பிறந்தாலும் சரி, பிறக்காவிட்டாலும் சரி, எனக்கு அவளும் நீயும் வேண்டும். பேரன் பேத்தி கேட்டு நான் இதை எழுதவில்லை.

அவளை விடுவித்து நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் பாரத்தில் அவளுக்குப் பங்கு வேண்டாம் என்று நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேட்காமலே வாங்கிக்கொள்கிற ஆட்கள் எனக்குக் கிடைத்தார்கள், அதனால் பிழைத்தேன். உனக்கும் ஒருத்தி கிடைத்திருக்கிறாள். நானெதுக்குங்க போகோணும் என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வருவார். வந்தால் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ரேவதி கட்டி வைத்த பை கதவோரமாக இருக்கும். அதை எடுத்து உள்ளே கொண்டுபோய் வை. கனமாக இருந்தால் அப்பாவைக் கூப்பிடு, வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா